தைலம் மணத்த வார்டு

"டாக்டர் கேட்டா சொல்லிடுங்க அண்ணி! இல்லாட்டி நான் சொல்றேன்!"

"கத்தாதடா தருமா. உங்கண்ணன் குடிக்கல."

"கூட உக்காந்திருந்தவன் நான்! சாராயம். அதுக்கு மேல அடி அண்ணாமலைப் பக்கம் போயி கஞ்சா. அதுவும் பத்தலைன்னு தூக்க மாத்திரை வேற!"

"சொல்லு. வாங்கிக் குடுத்தவன் நீதான்னு நானும் போலீஸ்ல சொல்றேன்."

கொழுந்தனும் அண்ணியும் மல்லுக்கு நின்றது ஆதிமூலத்தின் கட்டிலுக்கு மேலேயே. சண்டை என்றால் முதல் ஆளாகக் கெட்ட வார்த்தையோடு எழுந்திருக்கிற மனுஷன், கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டு கிடந்தான். ராணியம்மாளுக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

மதியம் செங்கம் ரோட்டில் பஸ்ஸைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் மோதியிருந்தான். பயணிகளுக்குச் சிராய்ப்பு, டிரைவருக்குக் கால் முறிவு. அது மதுவிலக்குக் காலம், எழுபத்தெட்டு. குடித்திருந்தான் என்று டாக்டர் எழுதினால் லைசென்ஸ் போகும், வேலை போகும், தை மாசம் வைத்திருந்த மகள் தனத்தின் கல்யாணமும் நின்றுபோகும்.

அதனால் அந்த வார்டில் எல்லாப் பெண்டாட்டிகளும் செய்வதை அவளும் செய்தாள். நீலகிரித் தைலத்தைத் துணியில் ஊற்றி அவன் வாயையும் மீசையையும் துடைத்தாள். கை ஒடிந்தவன், மண்டை உடைந்தவன், கிணற்றில் விழுந்தவன் எல்லாருக்கும் அங்கே ஒரே நேரத்தில் ஜலதோஷம். ஒவ்வொருத்தன் பெண்டாட்டியும் "எங்க வீட்டுக்காரர் டீகூடத் தொடமாட்டார்" என்றாள். நர்ஸ் சந்திரகலா மூக்கைப் பொத்திக்கொண்டு போவாளே தவிர ஒன்றும் கேட்பதில்லை.

டாக்டர் கேட்டார். "எலும்பைச் சேர்க்க ஊசி போடப்போறேன்மா. உள்ள வேற ஏதாவது போயிருந்தா மூச்சு அடங்கிடும். போலீசுக்காகக் கேக்கல. குடிச்சிருக்காரா?"

தருமன் தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க சார்," என்றாள் ராணியம்மாள். "அந்தப் பழக்கமே கிடையாது."

ஊசி போட்டார்கள். கட்டுப் போட்டார்கள். தருமன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ள, கரண்டும் போக, தைலமும் டெட்டாலும் ஈரப் போர்வையும் கலந்த வாசனையோடு அந்த நீள ஹால் முழுக்கக் குறட்டை கிளம்பியது. ஒன்று அறுக்கிற மாதிரி, ஒன்று கொதிக்கிற மாதிரி, நடுவில் ஆதிமூலத்துடையது, கிணற்றுக்குள் கல் உரசுகிற மாதிரி. இருபது வருஷமாகத் திட்டித் தீர்த்த குறட்டை. இன்றைக்கு அதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அதற்கும் அடுத்தது இன்னும் தாமதமாக வந்தது.

பிறகு வரவில்லை.

மூக்கடியில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் கை வைத்தாள். மரப்பலகை.

ஹால் கோடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஓடி வருவாள். வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்பாள்.

ராணியம்மாள் கூப்பிடவில்லை.

அழுகையும் வரவில்லை. வீட்டில் துணி காயப்போட்டது நனைந்திருக்கும் என்று தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியது. தைலத் துணியை எடுத்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். உதடு ஜில்லென்று இருந்தது.

கரண்ட் வந்தது.

ஆதிமூலம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போலாம் ராணி."

உதடு அசைந்தது. குரல் கேட்டது. துடைத்த கையின் விரல் அவன் மூக்கடியில்தான் இருந்தது. காற்றுப் படவில்லை.

காலையில் டாக்டர் வந்து கட்டைத் தட்டிப் பார்த்து, அருமையாக இருக்கிறது என்றார். எலும்பு டாக்டர், நெஞ்சு அவர் இலாகா இல்லை.

ஆதிமூலம் அதோடு எல்லாப் பழக்கத்தையும் விட்டான். தெருவே மெச்சிக்கொண்டது. குறட்டைகூட நின்றுபோச்சாமே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் ராணியம்மாளிடம் பொறாமைப்பட்டார்கள். தை மாசம் தனத்துக்குக் கல்யாணம் ஜோராக நடந்தது. ஓசூருக்குப் போனவள் தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு வரவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று ஊர் சொன்னது. தருமன் பெங்களூரில் யாரோ கன்னடக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். இந்தப் பக்கம் வருவதில்லை.

கால் கூடியதும் முதலாளி ஆதிமூலத்துக்கு ஜவ்வாது மலைக்குப் போகிற பஸ்ஸைக் கொடுத்தார். ராணியம்மாள் அதில் ஒரே ஒரு தடவை போனாள். மார்கழி விடியல். பஸ் நிறைய ஜனம், ஷட்டரெல்லாம் இறக்கி, பேச்சும் இருமலும் கொட்டாவியுமாக. அவளுக்கு இன்ஜின் பக்கத்தில் சீட்டு.

முன்கண்ணாடி இரண்டு பாதி. இடது பாதி எல்லார் மூச்சும் படிந்து வெள்ளையாக மூடியிருந்தது. கண்டக்டர் துடைத்தார். மூடிக்கொண்டது. துடைத்தார். மூடிக்கொண்டது.

வலது பாதிக்கு நேராக ஆதிமூலம் வாயைத் திறந்து, ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினான். கண்ணாடிக்கும் அவன் முகத்துக்கும் ஒரு முழம் இருக்காது.

அந்தப் பாதி பளிச்சென்று இருந்தது.