தோள் எலும்பில் இரண்டு குழிகள்

"சைக்கிள்ல ஒரு கீறல் கிடையாது, டாக்டரம்மா. பெல்லுகூட நசுங்கலை. போன வாரம் விழுந்ததுல மனுசனுக்கு மட்டும் தோள் போயிருச்சாம். இதை நான் நம்பணுமாம்!"

சண்முகத்தாய் துணிப்பையிலிருந்து ஒரு பெரிய உறையை உருவி மேஜை மேல் பொத்தென்று போட்டாள். உள்ளே இருந்தவை அவள் கணவன் குருசாமியின் இடது தோளை மதுரையில் ஸ்கேன் செய்து எடுத்த படங்கள். பீரோவுக்கு மேலே அவன் செருகி வைத்திருந்ததை, அவன் வேலைக்குக் கிளம்பியதும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். நெஞ்சு எரிந்தது. சித்திரை வெயிலுக்கும் அந்த எரிச்சலுக்கும் சம்பந்தமில்லை என்பது அவளுக்கே தெரியும்.

எலும்பு வைத்தியத்தில் பேர் வாங்கிய டாக்டர் மரகதவல்லிக்கு ராஜபாளையத்தில் கிளினிக். அவர் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அவசரத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தவர் அவருடைய கணவர் சக்ரபாணி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். கேஸ் இல்லாத நாட்களில், அதாவது முக்கால்வாசி நாட்களில், மனைவியின் கிளினிக்குக்கு வந்து நோயாளிகளைக் குறுக்கு விசாரணை செய்வார். இப்போதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யார் மேலே சந்தேகம்? பேரைச் சொல்லும்மா."

"தங்கபாய்! ஸ்ரீவில்லிபுத்தூர்ல டீச்சரு. ரெண்டு வருசமா ஆபீஸ் விட்டதும் எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வாரதில்லை, பஸ் ஏறி நேரா அங்கதான். எங்க தெரு இருளம்மாக்கா கண்ணாலே பாத்திருக்கா. ஸ்கூல் வாசல்ல நின்னு ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாகளாம். வீட்டுல அந்த வாயிலருந்து ஒரு சிரிப்பு வந்ததுண்டா? அவகிட்ட மட்டும் எங்கேருந்து வருதோ!"

"என்ன பாடம் எடுக்கிறாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"என்ன பாடம் எடுத்தா எனக்கென்ன? என் வீட்டுக்காரரை எடுத்துட்டாளே!"

சக்ரபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி பார்த்த பார்வையில் அதை இருமலாக்கிக்கொண்டார்.

"வேறு என்ன கண்டாய்?" என்றார் டாக்டர்.

"சட்டையிலே மஞ்சள் கம்பளி இழை ஒட்டிட்டு வருது. நம்ம ஊரு வெயில்ல எந்த மகராசி கம்பளி போடுவா? அவ ஏதோ பின்னிக் குடுக்கா போல. பேண்ட்டு ஓரத்துல சுண்ணாம்பு வேற. வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருப்பா, இவிய போயி சாஞ்சிருப்பாக."

டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். குருசாமி மில் ஆபீசில் டைப்பிஸ்ட். கை மேஜையை விட்டு மேலே எழும்பாத வேலை. சாப்பாடும் எழுத்தும் வலது கையில். ஆனால் ஆட்டைக் கல்லெறிந்து விரட்டுவதென்றால் இடது கைதான் முந்தும். சின்ன வயதில் வாத்தியார் அடித்து மாற்றியதில் அது ஒன்று மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர்கள் யார் என்றும் கேட்டார்.

"எங்க அத்தை மகன் வீரணன் வருவாரு. எனக்கு முறை மாப்பிள்ளை; ஏதோ ஜாதகத்துலே தட்டிப் போச்சு. விளையாட்டுல பேரு வாங்குனவரு. அவரு ஆடுறாருன்னா நான் அடுப்புல உலையைப் போட்டது போட்டபடி ஓடுவேன். அவரு வந்தா இவிய துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வெளியே போயிருவாக. மரியாதை தெரியாத மனுசன்!"

"மரகதம், புரிஞ்சுபோச்சு" என்று சக்ரபாணி துள்ளினார். "ஆசாமி அந்த டீச்சர் வீட்டுச் சுவர் ஏறிக் குதிச்சிருக்கான். புதுசா வெள்ளையடிச்ச சுவர். சுண்ணாம்பு அங்கே ஒட்டினது. கீழே விழுந்து தோள் போச்சு!"

சண்முகத்தாய்க்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரேறிக் குதிக்கிற வயசா அது? தன் வீட்டு வாசல்படி ஏறவே மூட்டு வலிக்கிறது என்கிற மனுசன்!

டாக்டர் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை எலும்பின் உருண்டைத் தலையில் இரண்டு இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று பின்பக்கம், ஒன்று முன்பக்கம். முன்பக்கத்துப் புள்ளியில் அவர் விரல் வெகுநேரம் நின்றது.

"இது சைக்கிளில் விழுந்து வந்ததில்லை. சுவரில் விழுந்தும் வந்ததில்லை" என்றார். "அவர் தோளைப் பற்றிய மீதியை அவர் இல்லாமல் நான் சொல்லக் கூடாது. நாளைக்கு அவரையும் அழைத்து வா."

"நாளைக்கு எங்க அண்ணன் சுயம்புலிங்கம் ஆலங்குளத்துலருந்து வேன் எடுத்துட்டு வாரான், டாக்டரம்மா. நான் பொட்டி கட்டியாச்சு. அவிய சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா அப்படியே ஏறிப் போயிருவேன்."

"வேன் இங்கேயே வரட்டும்" என்ற டாக்டர் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் அந்த டீச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ன பாடம் எடுக்கிறாள் என்றும் கேட்டுக்கோங்கோ."

மறுநாள் மாலை கிளினிக் வாசலில் வேன் நின்றது. உள்ளே ஒரு பெஞ்சில் குருசாமி, இடது முழங்கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எதிர்ப் பெஞ்சில் தங்கபாய். நாற்பதைத் தாண்டியவள், நெட்டையாக, வெயிலில் கறுத்து, ஆம்பளை மாதிரி பெரிய கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். சண்முகத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு ரதியை எதிர்பார்த்து வந்திருந்தாள். ரதியாக இருந்திருந்தால் திட்டுவதற்காவது தோதாக இருந்திருக்கும். இவளிடம் என்ன கண்டு மயங்கினான் என்று நினைக்க நினைக்க எரிச்சல் இரட்டிப்பானது.

"குருசாமி, உங்கள் தோளைப் பற்றி இவர்கள் முன்னால் சொல்லலாமா?" என்று கேட்டார் டாக்டர்.

"சொல்லுங்க" என்றான் அவன், தலை நிமிராமலே.

டாக்டர் படத்தைக் காட்டினார். "எலும்பில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கின்றன. பின்னால் இருக்கிற குழியை விட்டுவிடலாம். என் தோளைப் படமெடுத்தாலும் அப்படி ஒன்று இருக்கும். முன்னால் இருக்கிறது வேறு. கையைத் தலைக்கு மேலே தூக்குகிற தசைநார் எலும்பைப் பிடித்திருக்கிற இடம் அது. அங்கே குழி இருந்தால், மேலே உள்ள நாரை உற்றுப் பார் என்று அர்த்தம். பார்த்தேன். நார் பாதி கிழிந்து நைந்திருக்கிறது. குழியைச் சுற்றி எலும்பு இறுகிக் கரை கட்டியிருக்கிறது. போன வாரம் விழுந்த தோளில் இப்படிக் கரை கட்டாது. இது ரொம்ப நாள் சங்கதி."

"அப்போ பொய்தானே!" என்று சண்முகத்தாய் எழுந்துவிட்டாள்.

"சைக்கிள் பொய். உட்கார். நாள்பட்டது என்று எலும்பு சொல்லும். எதனால் என்று அது சொல்லாது. அதை நீதான் சொன்னாய். டைப் அடிக்கிறவருக்கு இடது தோளில் மட்டும் இது ஏன் வரவேண்டும்? இடது கை முந்துவது ஓங்கி எறியும்போது, ஓங்கி அடிக்கும்போது. சுண்ணாம்பு சுவரிலிருந்து வரவில்லை, தரையில் போட்ட கோட்டிலிருந்து வந்தது. மஞ்சள் கம்பளியில் சட்டை மட்டுமா செய்கிறார்கள்?"

"பூப்பந்து! கம்பளி நூல் சுத்தின பந்து!" என்று கத்தினார் சக்ரபாணி. "இந்தம்மா பி.டி. டீச்சர்! நான்தான் விசாரிச்சேன்!"

தங்கபாய் இதற்குமேல் பொறுக்கவில்லை. "ஸ்கூல் கிரவுண்டுல தினமும் பத்துப் பேர் ஆடுறோம். என் வீட்டுக்காரரும் ஆடுதாரு. நேத்து இந்த வக்கீல் வந்து கேட்ட கேள்வியில எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சார், உங்க வீட்டுல சொல்லாமலா ரெண்டு வருசம் வந்தீங்க?"

குருசாமி நிமிர்ந்தான். மனைவியைப் பார்த்துப் பேசினான்.

"பொங்கலுக்கு நடக்கற பூப்பந்துப் போட்டியில நீ வீரணனுக்குக் கை தட்டுவ. ஒரு தடவை, 'அடின்னா இது அடி, எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காகளே'ன்னு பக்கத்துல இருந்தவ கிட்ட சொன்ன. நான் பின்னாலதான் நின்னேன். அன்னைக்குச் சோறு இறங்கலை. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க டீமும் வீரணன் டீமும் மோதுது. ஒரே ஒரு பந்து அவரு எடுக்க முடியாம அடிச்சாப் போதும். நீ எனக்கு ஒரு தடவை கை தட்டணும். அம்புட்டுதான்."

வீரணன் வரும்போதெல்லாம் அவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனது ஏன் என்று சண்முகத்தாய்க்கு இப்போதுதான் விளங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை ஓங்கினால் மீதி நாரும் போகும்" என்றார் டாக்டர். "பிறகு தலை வாரவும் கை எழாது."

"போனாப் போகுது. ஒரு ஆட்டம்."

"ஆடுவீகளா?" சண்முகத்தாயின் குரல் கீச்சிட்டது. "ஆடுங்க பாப்போம்! நீங்க களத்துல இறங்குற நிமிசம் நான் வேன்ல ஏறிருவேன். வீரணன் எனக்கு யாரு? வேடிக்கை பாத்தேன், கை தட்டுனேன். அதுக்காகத் தோளை அழிச்சுக்குவீகளா? ரெண்டு வருசமா இந்த டீச்சர் உங்க ஆட்டத்தைப் பாத்திருக்கா. இவ வீட்டுக்காரரு பாத்திருக்காரு. ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் பாத்திருக்கான். யாருக்காக ஆடுனீகளோ அவளுக்கு மட்டும் மறைச்சுட்டீக. இனிமே நான் எங்க போயி பாப்பேன்? இவ மேல எனக்கு இன்னும் எரியுது, டாக்டரம்மா. நேத்தைவிட ஜாஸ்தியா எரியுது!"

சக்ரபாணி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இவிய எப்படி அடிப்பாகன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, டீச்சர்" என்றாள் சண்முகத்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தங்கபாய் தயங்கினாள். பிறகு எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, இடது கையை ஓங்கி ஒரு எம்பு எம்பி வெறும் காற்றை அடித்தாள். "இப்படித்தான். பின் மூலையில விழும். எவனும் எடுக்க முடியாது." குருசாமியின் முகம் அப்படியே மலர்ந்தது. பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எனக்கு அதைச் சொல்லிக் குடுங்க" என்றாள் சண்முகத்தாய்.

"உங்களுக்கா?"

"ஆமா, எனக்குத்தான். இவிய ஓரமா உக்காந்து பாக்கட்டும்."

குருசாமி திடுக்கிட்டான். "நான் ஆடாம, நீ ஆடுறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமையிலருந்தே."

அவன் வலிக்கிற தோளைப் பார்த்தான், வாசலில் நிற்கிற வேனைப் பார்த்தான். அதற்குள் அண்ணன் சுயம்புலிங்கம் கதவருகே தலையை நீட்டி, "ஏட்டி, வாரியா இல்லையா?" என்று கேட்டான்.

"செத்த இரு, இவிய சொல்லட்டும்" என்றாள் அவள்.

"சரி, ஆடலை" என்றான் குருசாமி. பிறகு மெதுவாக, "ஆனா எனக்கு எரியுமே" என்றான்.

"எரியட்டும்" என்றாள் சண்முகத்தாய். "இம்புட்டு நாளா நான் மட்டும் எரிஞ்சது போதும்."