தலைகீழாகத் தொங்கிய விசிலண்ணன்

பல் டாக்டர் நாற்காலியில் உட்கார மறுத்தார். மற்றவர்கள் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்குவதுதான் வழக்கம். இன்று அவர் நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கொல்லப் பாக்கறாங்க சார். டப்பா எல்லாத்தையும் திறந்துட்டாங்க."

சர்வேயர் தம் கண்ணாடியைத் துடைத்தார். எரிந்த கடைகளையும் வெள்ளம் புகுந்த கிடங்குகளையும் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பார்த்து, நடந்தது விபத்தா, யாராவது செய்த வேலையா என்று முப்பது வருடம் எழுதிக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் 'சர்வேயர்' என்ற பெயர் அவரை விடவில்லை. பக்கத்தில் அவருடைய மருமகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்ததே இதற்காகத்தான் என்று அவள் கணவன் கேலி செய்வான்.

"திறந்தா என்ன டாக்டர்? மூடிடலாமே," என்றாள் அவள்.

புதிதாக அடைத்த பல்லால் கல்கண்டைக் கடிப்பவரைப் பார்ப்பதுபோல் டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் தொலைக்காட்சியில் 'கடைசி ஸ்டாப்' என்று ஒரு தொடர் வந்தது. ஒரு பேருந்து, அதில் ஆறு பயணிகள், ஒரு கண்டக்டர். எல்லாம் கைப்பொம்மைகள். கண்டக்டர்தான் விசிலண்ணன். "எங்க போகணும்?" என்று அவர் கேட்டால், வீட்டில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் "கடைசி ஸ்டாப்" என்று கத்தும். தொடர் ஓடிய காலத்தில் அந்த ஏழு பேரையும் ரப்பர் தலை, துணி அங்கியோடு அதே மாதிரிக் கைப்பொம்மைகளாக டப்பாவில் போட்டு விற்றார்கள். வாங்கிய குழந்தைகள் அன்றைக்கே டப்பாவைக் கிழித்தார்கள். அதனால்தான் கிழிக்காத டப்பாவுக்கு இன்று இத்தனை மதிப்பு. தொழிற்சாலையில் ஒட்டிய நாடா ஒருமுறை பிரிந்தால் பிரிந்ததுதான்.

"ஏழும் பிரிக்காம என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ரசிகர் சங்கத்தோட முப்பதாவது வருஷக் கூட்டம். நான் தலைவர். அந்த ஏழு டப்பாவை மேடையில வச்சுத்தான் எனக்குப் பாராட்டு. சங்கத்துல என்னையே விசிலண்ணன்னுதான் கூப்பிடுவாங்க." டாக்டரின் குரல் தாழ்ந்தது. "அந்த விசிலண்ணனைக் கம்பில தொங்கவிட்டிருக்காங்க சார். மத்த ஆறும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது."

"முதுகுல என்ன விசேஷம்?"

"தொடர்ல யாராவது பொய் சொன்னா விசிலண்ணன் பேசமாட்டாரு. முதுகைக் காட்டித் திரும்பிப்பாரு. அதுதான் தண்டனை. இது ரசிகன் செஞ்ச வேலை. யாருன்னும் எனக்குத் தெரியும். என் மச்சான்தான். நீங்க அதை நிரூபிச்சுக் குடுத்தாப் போதும். ஞாயித்துக்கிழமை மேடையிலயே அவன் தோலை உரிச்சுடறேன்."

பயத்தைவிட அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது.

மருத்துவமனையின் மாடியறைக்கு ஒரே ஒரு கதவு. நடுவில் ஒரு நீள மேசை. மேசைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கலாம். மேசைமேல் வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டில்கள் ஆறு வரிசையாக நின்றன. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பொம்மையின் அங்கிக்குள் புகுந்து அதை நிமிர்த்தி வைத்திருந்தது. போலீஸ்காரர், பால்காரர், டீச்சர், பாட்டுக்காரி, திருடன், ஓர் ஆடு. எல்லாம் சுவரைப் பார்த்தபடி நின்றன. கதவோரம் இருந்த மேசை விளிம்பில் காக்கிச் சட்டை போட்ட விசிலண்ணன் தலைகீழாகத் தொங்கினார். கிழிந்த ஏழு டப்பாக்களும் மூலையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"பாத்தீங்களா? தூக்குல போட்டிருக்கான்," என்றார் டாக்டர்.

சர்வேயர் குனிந்து கம்பியை மட்டும் வெகுநேரம் பார்த்தார். கட்டுப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்தும் மெல்லிய எஃகுக் கம்பி. இரண்டு பக்கமும் கொக்கியாக வளைந்திருந்தது. ஒரு கொக்கி மேசை விளிம்பில், மற்றது அங்கியின் கீழ்த் தையலில். கம்பியின் இரு முனைகளும் கடுகளவு வளையமாக உள்ளே சுருட்டப்பட்டிருந்தன.

"இந்தக் கம்பி யார்கிட்ட இருக்கும்?"

"கீழே தரையைப் பெருக்கினா ஒரு கைப்பிடி கிடைக்கும்."

சர்வேயர் வயிற்றை எக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நுழைந்தார். சுவரில் சாய்ந்து நின்று பொம்மைகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"இந்த ஆறும் இப்படி வரிசையா நிக்கற காட்சிக்குப் படம் ஏதாவது இருக்கா டாக்டர்?"

"தொடரோட கடைசி நாள் காட்சி அது. பதிவை அழிச்சுட்டாங்க. ஒரே ஒரு புகைப்படம்தான் மிச்சம். என் புத்தகத்துல இருக்கு." தாம் எழுதிய 'கடைசி ஸ்டாப்: முழு வரலாறு' நூலை டாக்டர் நீட்டினார். படத்தில் ஆறு பயணிகளும் பேருந்தைவிட்டு இறங்கி வரிசையாக நின்றார்கள். போலீஸ்காரர் இடது கோடி, ஆடு வலது கோடி.

"விசிலண்ணன் எங்க?" என்றாள் மருமகள்.

"அவரு கடைசியாத்தான் கீழேர்ந்து வருவாரு. வந்து விடைபெறுவாரு. அதுக்கு முன்னாடி எடுத்த படம் இது."

"அப்படியா," என்றார் சர்வேயர். மருமகளுக்கு அது போதும். அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டாள்.

டாக்டர் அச்சகத்துக்குப் போயிருந்த மதியத்தில் காரியம் நடந்திருந்தது. மாடிச் சாவி வரவேற்பு மேசையின் ஆணியில் தொங்கும். அன்று கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்.

மச்சான் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். அழைப்பிதழுக்குச் சட்டம் கொண்டுவந்திருந்தார். "அந்த ஆட்டு பொம்மைய மட்டும் குடுங்க அத்தான்னு பத்து வருஷமாக் கேக்கறேன். குடுக்கல. அதுக்காகக் கிழிப்பேனா? பெத்த புள்ளைய எவனாவது கிணத்துல தள்ளுவானா?" என்றார்.

வரவேற்பில் இருந்த பெண் தோளைக் குலுக்கினாள். "சாவி ஆணியிலதான் இருந்துச்சு. நான் சாப்பிடப் போயிட்டேன். டாக்டருக்கு பொம்மைன்னா உசுரு. போன வாரம்கூட சங்கப் பத்திரிகையில வந்த லெட்டர சத்தமாப் படிச்சுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சாரு. பின்னறை மெழுகக்காகூட சிரிச்சாங்க."

காத்திருப்போர் மேசையில் அந்தப் பத்திரிகை கிடந்தது. 'அளந்துவிடுவோர் பக்கம்' என்ற தலைப்பின் கீழ், பெயர் போடாத ஒரு கடிதம். 'நான்கு வருடம் விசிலண்ணனுக்குள் இருந்தது ஒரு பெண்ணின் கை, என் கை. உங்கள் புத்தகத்தில் இயக்குநரின் கை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள்.' அதன் அடியில் டாக்டரின் பதில்: 'அம்மணி, நிலவில் முதலில் இறங்கியது நான்தான். அதையும் திருத்தச் சொல்லுங்கள்.'

மெழுகக்கா பின்னறையில் மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக இங்கே கட்டுப்பல் செய்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சுக்கு நடுவிலும் கை நிற்கவில்லை.

"நீங்க அந்தத் தொடரப் பாப்பீங்களாக்கா?" என்று மருமகள் கேட்டாள்.

"நான் அதை டிவில ஒரு நாளும் பாத்ததில்லம்மா," என்றார் மெழுகக்கா.

படியேறும்போது மருமகள் கிசுகிசுத்தாள். "மாமா, மச்சான்தான். முதுகைக் காட்டற தண்டனை ரசிகனுக்குத்தானே தெரியும்? மெழுகக்கா பாத்ததே இல்லையாம். அந்தப் பொண்ணுக்கு இது எதுலயும் அக்கறை இல்ல."

"நோட்டுல நல்லா எழுதியிருக்கம்மா. எல்லாரையும் மேல வரச் சொல்லு."

மாடியறையில் ஐந்து பேரும் சர்வேயரைச் சுற்றி நின்றார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியார்போல ஆரம்பித்தார்.

"தூக்குல போடறவன் சுருக்கை எங்க மாட்டுவான்?"

"கழுத்துல," என்றார் மச்சான்.

"இங்க அங்கியோட அடித்தையல்ல மாட்டியிருக்கு. தலை கீழே, அங்கியோட வாய் மேலே. கைப்பொம்மைய இப்படித் தொங்கவிட்டா என்ன லாபம்னு யோசிச்சேன். கையைக் கீழே நேரா விட்டாப் போதும், பொம்மை மாட்டிக்கும். அப்படியே தூக்கித் திருப்பினா அது நிமிர்ந்துடும். இன்னொரு கையோட உதவியே வேண்டாம். ஒரு கையில ஒரு பொம்மை ஆடிக்கிட்டிருக்கும்போது அடுத்தது இப்படித்தான் காத்திருக்கணும். இது தூக்கு இல்ல டாக்டர். விசிலண்ணன் தன் முறைக்குக் காத்திருக்காரு."

டாக்டர் குனிந்து பொம்மையின் அங்கியைப் பார்த்தார்.

"அடுத்தது கம்பி. முனையைச் சுருட்டியிருக்கு. மிரட்ட வந்தவன், கம்பி யாருக்காவது குத்துமான்னு பாப்பானா? அங்கிக்குள்ள ஒரு கை போகும், அது கீறக்கூடாதுன்னு நினைச்ச ஆள்தான் பாப்பாங்க."

"அப்ப முதுகு?" என்றாள் மருமகள்.

"நீயே சுவரோரம் போய் நின்னு பாரு."

அவள் நுழைந்தாள், புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். "போலீஸ்காரர் இடது கோடி. ஆடு வலது கோடி. அப்படியே படம் மாமா."

"நாடகம் பாக்கறவங்க இடம் அது, சுவர் பக்கம். அடுக்கின ஆள் நின்னது இந்தப் பக்கம், விசிலண்ணன் தொங்கற பக்கம். ரசிகன் யாரா இருந்தாலும் முகம் தன்னைப் பாக்கற மாதிரிதான் அடுக்குவான். அவனுக்குத் தெரிஞ்ச காட்சி அது. இந்த ஆளுக்குத் தெரிஞ்ச காட்சியில ஆறு முதுகுதான் இருக்கு. அவங்க அவமானப்படுத்த முதுகைக் காட்டல டாக்டர். நாலு வருஷம் பார்த்ததை அப்படியே வச்சிருக்காங்க." சர்வேயர் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்மைக்குப் பின்னால குனிஞ்சு நின்னவங்க அந்தத் தொடர டிவில எப்படிப் பாத்திருக்க முடியும்? கம்பி முனையைச் சுருட்டற பழக்கமும் அவங்க தொழில்தான். கட்டுப்பல் ஈறைக் குத்தக்கூடாதில்ல?"

எல்லோரும் மெழுகக்காவைப் பார்த்தார்கள். அவர் விரலில் ஒட்டியிருந்த மெழுகை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார். "பேர் போட்டா வேலை போயிடும்னு லெட்டர்ல பேர் போடல. சார் அதை என் முன்னாலயே படிச்சாரு. 'எவளோ ஒரு கிறுக்கி'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. இவருக்கு எது வலிக்கும்னு யோசிச்சேன். ஒண்ணைக்கூட உடைக்கல. பிரிச்சேன், அவ்வளவுதான்."

டாக்டரின் முகம் சிவந்தது. "பொய். இயக்குநரே பேட்டியில சொல்லியிருக்காரு, அவரோட கைதான்னு. ஆம்பளக் கை அது. இன்னிக்கே போலீசுக்குப் போறேன். உனக்கு இந்த ஊர்ல எவனும் வேலை குடுக்காம பண்ணிடறேன்."

மெழுகக்கா மேசையருகே வந்தார். பார்க்காமலே வலது கையைக் கீழே விட்டார். கை மேலே வந்தபோது விசிலண்ணன் நிமிர்ந்து நின்றார்.

ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், நடுவிரல் மறு கைக்குள். இருப்பது அவ்வளவுதான். ஆனால் விசிலண்ணன் தொப்பிக்கு அடியில் சொறிந்துகொண்டார். இல்லாத பையில் இல்லாத சில்லறையைத் தடவினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மச்சானின் கை தானாக வாயைப் பொத்தியது.

பொம்மை டாக்டரிடம் வந்து நின்றது. முப்பத்தைந்து வருடம் கழித்து அதே கரகரத்த குரல் கேட்டது. "எங்க போகணும்?"

"கடைசி ஸ்டாப்," என்றார் டாக்டர். அவர் சொல்லவில்லை, அவருக்குள் எட்டு வயதில் உட்கார்ந்திருந்த ஒருவன் சொன்னான்.

விசிலண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் பொம்மையை நோக்கி ஓர் அடி வைத்தார். "இன்னொரு தடவ," என்றார். "இந்தப் பக்கம் திருப்புங்க. ஞாயித்துக்கிழமை நீங்க மேடைக்கு... புத்தகத்துல திருத்திடறேன்."

"நீங்க சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல சார்." மெழுகக்கா கையை உருவி, விசிலண்ணனைப் பழையபடி கொக்கியில் தலைகீழாக மாட்டினார். "மூணு பல்செட் பாக்கி இருந்துச்சு. முடிச்சு வச்சிருக்கேன். கீழ் வரிசைய ஊற வச்சுக் குடுங்க."

"அக்கா, ஞாயித்துக்கிழமை நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் மச்சான், அவர் பின்னாலேயே இறங்கியபடி. "அத்தானுக்குப் போட வச்சிருந்த மாலை நம்ம கடையிலதான் இருக்கு."

கீழே வாசலில் மருமகள் வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். "மாமா, இதை விபத்துன்னு எழுதறதா, வேலைன்னு எழுதறதா?"

"வேலைன்னு எழுது. சுத்தமான வேலை."

மாடியறையில் டாக்டர் தனியாக நின்றார். கிழிந்த டப்பாக்களைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பிறகு கொக்கியிலிருந்து விசிலண்ணனை எடுத்து, முதல்முறையாக அதற்குள் கையை விட்டார். ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், நடுவிரல் மறு கைக்குள்.

"எங்க போகணும்?" என்று கேட்டுப் பார்த்தார்.

ரப்பர் தலை ஒரு பக்கம் சரிந்தது. துணிக்குள் ஒரு பல் டாக்டரின் கைதான் இருந்தது.