முதலாளியின் ஓநாய்ப் பூனை

மூத்திர நெடி காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. பூனைதான் எங்கேயோ அசிங்கம் பண்ணிவிட்டது என்று கண்ணுச்சாமி வீடு முழுக்கத் தேடினார். அதன் மணல் தட்டு காய்ந்து, சுத்தமாகக் கிடந்தது.

மல்லாங்கிணறு சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே நின்ற பங்களா அது. வாசலில் சிமெண்டுச் சிங்கங்கள், கூடத்தில் யாரும் உட்காராத ராஜா நாற்காலி. பட்டாசுக் கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தம் தன்னைத் தொழிலதிபர் என்று ஊருக்குக் காட்ட வாங்கிப்போட்டவற்றில் கடைசியாக வந்து இறங்கியது இந்தப் பூனை. லைகாய் என்ற வெளிநாட்டு ஜாதி. கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் காதிலும் முடியே கிடையாது; சுருங்கிய கருந்தோல்தான். மற்ற இடங்களில் கறுப்பும் வெள்ளையுமாக, சலூனில் பாதியில் எழுந்து வந்ததுபோல முடி.

"ஓநாய் ரத்தம்லே" என்பார் முதலாளி. பார்க்க வந்தவர்கள் ஆமாம் போட்டுவிட்டு, கேட்டைத் தாண்டியதும் சொறிக்கு வேப்பெண்ணெய் நல்லது என்று பேசிக்கொண்டார்கள்.

பூனை புதியவர்களைத் தள்ளி நின்றே எடைபோடும். பழகிவிட்டால் நாய் மாதிரி பின்னாலேயே வரும். கண்ணுச்சாமியோடு பழகிவிட்டது. அவருக்கும் வேறு துணையில்லை. கம்பெனியில் மருந்து வெடித்து, அதைக் கலக்கும் ஆளான முத்துக்கருப்பன் செத்த அன்றைக்கு, போர்மேனான அவர் தோளில் முதலாளி கைபோட்டார். "போலீசு ஒன்னயத்தான் தேடுது. ஜாமீன் கெடைக்கிற வரைக்கும் பங்களாவுல இரு. நீ எனக்குத் தம்பி மாதிரிலே." கண்ணுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பூட்டிக்கொண்டு போனதைக்கூடப் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்.

உச்சி வெயிலில் காடு ஓசையின்றிக் கிடக்க, கூரை ஓடுகள் மட்டும் சூட்டில் நெறுநெறுத்தன. பின்னறைப் பக்கமிருந்து பூனை வந்தது. மூக்கில் வெள்ளிப் பொடி. கம்பி மத்தாப்புக்கும் பூச்சட்டிக்கும் போடும் அலுமினியப் பொடி. பின்னறைக் கதவில் பூட்டு தொங்கியது. எலி நுழையும் இடுக்குகூட இல்லை.

கதவில் கை வைத்தார். சுட்டது.

நெடி பூனையுடையது அல்ல. கலந்து வைத்த பட்டாசு மருந்து. மிச்சத்தை வைத்திருந்தால் ஈரம் பட்டுத் தன்னால் சூடேறும், இந்த நெடிதான் அடிக்கும், சாயங்காலமே அழித்துவிட வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சோதனைக்குப் பயந்து மூட்டைகளை இங்கே ஏற்றியிருக்கிறார்கள். போனை எடுத்தார்.

"மொதலாளி, பின்ரூம்புல மருந்தா வச்சிருக்கீக? சூடேறிருச்சு. ஆளவிட்டுத் தெறக்கச் சொல்லுங்க."

காரின் ஏசி இரைச்சலுக்கு நடுவே முதலாளி குரல் வந்தது.

"பூனை எங்கன இருக்கு?"

"இங்கனதான், எங் காலடியில."

"அத மட்டும் சன்னல் கம்பி வழியா வெளிய விட்ருலே. வெல ஒசந்த ஜீவன். பாவம்."

"அப்ப நானு?"

போன் அணைந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. போர்மேன் செத்தால் கேஸும் செத்தது. அவருக்கு விளங்க இவ்வளவு நேரம் ஆயிற்று.

வாசல் கதவை உதைத்தார். தேக்கு. அசையவில்லை. பூனையைத் தூக்கிக் கம்பிக்கு வெளியே தள்ளினார். அதுவாவது பிழைக்கட்டும். திரும்பினார்.

பூனை பின்னறை வாசலில் இருந்தது.

பூட்டு பூட்டியபடி.

இப்போது முகம் முழுக்க வெள்ளி. முடியில்லாத தோலில் அப்பி, கண்கள் மட்டும் மிச்சம். வேலை முடிந்து ஷெட்டிலிருந்து வரும் முத்துக்கருப்பன் முகம்.

நடந்து வந்தது. அவர் கணுக்காலில் உரசியது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. விலகினார். பின்னாலேயே வந்தது. மறுபடி விலகினார். மறுபடி வந்தது. சுவர்.

காலடியில் உட்கார்ந்தது. அண்ணாந்து அவரைப் பார்த்தது. பாசமாக.

வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை. புகை வந்தது.