சேமிக்காத வேலை

‘இந்தக் கணினியை இன்னொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது மறுதொடக்கம் செய்தால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.’

திரையில் இது வந்தபோது அவள் கொட்டாவிதான் விட்டாள். அந்த இன்னொருவர் அவளுடைய அக்கா. செத்து நாலு மாதம் ஆகிறது.

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு அடிப்பதுதான் இரண்டு பேருக்கும் பிழைப்பு. ஒரே அறை, ஒரே கணினி, உள்ளே போக ஆளுக்கொரு பாஸ்வேர்டு. காலையில் அக்கா, மதியத்துக்கு மேல் இவள். மேசைக்கடியில் ஆளுக்கொரு மிதி, தையல் மெஷினில் இருப்பதுபோல. அழுத்தினால் குரல் ஓடும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னுக்குப் போகும். காதில் சரியாக விழாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று அடித்துவிட்டு இவள் நகர்ந்துவிடுவாள். அக்கா நகர மாட்டாள். இடத்தைக் காலியாக விட்டு, டக், டக், டக் என்று அதையே பத்துத் தடவை கேட்பாள். “காதை வாடகைக்கு விட்டுட்டியாடி?” என்பாள்.

பழைய இயங்குதளம் இன்று மாலை ஆறு மணியோடு சரி, அதற்குமேல் அதில் வேலை அனுப்ப மாட்டோம் என்று கம்பெனி மூன்று தடவை எழுதிவிட்டது. அக்கா பழகிய திரை, அக்கா வைத்த படம் எல்லாம் மாறிவிடுமே என்று இவள்தான் ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே அழுத்தி அழுத்தி நாளைக் கடத்தினாள். இனி கடத்த நாளில்லை.

கணினி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அது சும்மா வர்ற எச்சரிக்கை மேடம். ஆமான்னு தட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க.”

போன வாரம் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் மெஷின் செத்துக் கிடந்ததைச் சொன்னாள். அப்படியும் எப்படி ஒருத்தர் உள்ளே இருக்க முடியும் என்று கேட்டாள்.

“அப்போ அதுக்கப்புறம் யாரோ பாஸ்வேர்டு போட்டு உள்ள போயிருக்காங்க. வீட்ல வேற யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

போனை வைத்தாள். வெளிச்சத்தம் வராமலிருக்க எப்போதும் மூடியே கிடக்கும் அந்த அறையில், தடித்த திரைச்சீலையின் புழுக்கத்துக்கும் மின்விசிறியின் இழுவைச் சத்தத்துக்கும் நடுவே, அக்கா வலிக்கும் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை, இப்போதுதான் தடவிய மாதிரி காரமாக எழுந்தது. அக்காவின் பாஸ்வேர்டு இவளுக்குத் தெரியும். இத்தனை நாள் போட மனம் வரவில்லை. இப்போது போட்டாள்.

ஒரு கோப்பு திறந்தே இருந்தது. அக்காவின் பாணியில், ஓரத்தில் நேரம் போட்டு.

5.21 – கொட்டாவி.

5.24 – “அது சும்மா வர்ற எச்சரிக்கை மேடம்.”

5.26 – “யாருமில்ல.”

5.26 – மூச்சு. ஒன்று தங்கையுடையது. இன்னொன்று

அதற்கு மேல் காலி, அது யாருடையது என்று அக்காவுக்கே பிடிபடாததுபோல. காலியிடத்தில் கர்சர் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

இவள் விசைப்பலகையைத் தொடவில்லை.

ஓடியிருக்கலாம். ஆனால் நாலு மாதமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக இழுத்த உடம்பு. பயப்படக்கூடத் தெம்பில்லை. ஆறு மணிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. இந்த வேலையும் போனால் வேறு கதியில்லை. அக்கா முடிக்காததை முடிக்காமலே அழிக்கவேண்டியதுதான். “மன்னிச்சிரு அக்கா,” என்று சொல்லி ‘ஆம்’ அழுத்தினாள்.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் மூன்று சதவீதம். நான்கு.

டக்.

மேசைக்கடியில்.

கால்களைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டாள்.

டக். மேசைமேல் கழற்றிவைத்த ஹெட்போனிலிருந்து சன்னமாக இவளுடைய குரலே. “யாருமில்ல.”

டக். “யாருமில்ல.” அதன் பின்னால் ஒரு மூச்சு.

டக். அதே மூச்சு. முன்பைவிடக் கிட்டத்தில்.

ஏழு சதவீதம்.

குனிந்து பார்த்தாள். தேய்ந்து பள்ளம் விழுந்த அக்காவின் மிதி மெல்ல அழுந்தி, அப்படியே நின்றது. உன்னிப்பாகக் கேட்கும்போது நிற்பதுபோல.

பக்கத்தில் இவளுடைய மிதியும் அழுந்தியது.