டிரைவர் பெயரில் வந்த ரத்தம்

காலை பத்து மணிக்கு மலையின் கையிலிருந்து வண்டி போனது.

மலை நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர். உடம்பைப் பார்த்து டிப்போவில் வைத்த பெயர் அது. எடை கூடியவர்கள் ரத்தப் பரிசோதனையில் தேறினால்தான் வண்டி என்று நிர்வாகம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. அன்று விடிந்ததும் லேப் ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துப்போன ரத்தம் தேறவில்லை.

"வண்டியைத் தொடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரியில சேருங்க," என்றார் டிப்போ டாக்டரம்மா. கொழுப்பு ஏகத்துக்கு இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரியும் மோசம். போதாக்குறைக்கு, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் எகிறிக் கிடந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா! லேப்ல குளறுபடி!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஒல்லி முகம் எட்டிப் பார்த்தது. மலையின் மனைவிக்குத் தம்பி, டிப்போவில் பார்சல் ஏற்றுபவன். அவனுக்குப் பெயர் குச்சி. "டாக்டர், பல்வலி. தாடையெல்லாம் இழுக்குது. ஒரு மாத்திரை..."

"அப்புறம் வா!" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

மலைக்கு ஈசிஜி எடுத்தார். பழுதில்லை. மறுபடி ரத்தம் எடுக்க ஊசியைக் குத்தினால் நரம்பு கிடைக்கவில்லை. சதைக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. நான்காவது குத்தில்தான் சொட்டியது. டாக்டருக்கும் வியர்த்தது.

பதினொன்றரைக்கு முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

டாக்டர் லேப் தலைவரை போனில் பிடித்துக் கத்தினார். "காலையில ட்யூபை மாத்திட்டீங்களா?"

"மாத்தறதுக்கு இன்னொரு ட்யூப் வேணுமே டாக்டர்! காலையில எங்களுக்கு வந்ததே அது ஒண்ணுதான். ரத்த வகையே வேற. அது பி, இது ஓ. ரெண்டும் ஒரே ஆள் இல்ல."

ரத்தம் எடுத்த பையன் அடுத்து. "முகத்தை நான் பாக்கல டாக்டர். தூக்கம்னு போர்வையை இழுத்து மூடிட்டாரு. கையை மட்டும் நீட்டினாரு. ஒரே குத்து, நரம்பு கயிறாட்டம் எழும்பி நின்னுது."

டாக்டர் போனை வைத்தார். "யாரோட கை அது?"

"என் கைதான்," என்றார் மலை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யாரா இருந்தாலும் அந்த ஆள் இன்னைக்கே சாகலாம்யா!"

"லேப் தப்பு டாக்டரம்மா. சத்தியமா தப்பு."

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று இருந்தது டாக்டருக்கு. மலையின் வீட்டுக்குப் போன் போட்டார். "வீட்ல யாருக்காவது நெஞ்சுக் கோளாறு இருக்கா?"

"என் மாமனாருக்கு இருக்கு," என்றாள் மலையின் மனைவி. "ஆனா அவர் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆச்சே. மத்தபடி நானும் என் தம்பியும்தான். அவனுக்கு என்ன கேடு, ஈர்க்குச்சி மாதிரி இருக்கான்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நான் பாட்டுக்கு நோயாளியைத் தேடிட்டிருந்தேன்," என்றார் மலையிடம். "பரிசோதனையில ஏமாத்தறவன் நோயாளியையா படுக்க வைப்பான்? வீட்லயே ஒல்லியான ஆளைத்தான் படுக்க வைப்பான். உங்களுக்கு நாலு குத்து, அந்தக் கைக்கு ஒரே குத்து. உங்க மச்சினன்தானே?"

"ஆமா டாக்டரம்மா." மலையின் குரல் இறங்கியது. "ஆனா அவன் ஒல்லி. அவனுக்கு எப்படிக் கொழுப்பு வரும்? அதான் லேப் தப்புன்னு..."

"ஒல்லியா இருந்தாலும் ரத்தம் கெடும். அவனுக்குப் பல்வலியும் இல்ல. மாரடைப்பு வலி சிலருக்குத் தாடைக்கு ஏறும். என்கிட்டயே வந்து சொன்னான், நான் துரத்திட்டேன்! எங்கே அவன்?"

வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. மத்தியான வண்டியின் கூரையில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தான் குச்சி. ஏணியில் பாதியில் நின்று, கம்பியைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மலை ஓடிப்போய் அவனைக் குழந்தையைப் போலத் தூக்கி இறக்கினார்.

மாலை ஆறு மணி. ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். குச்சி பிழைத்துக்கொண்டான்.

வராந்தாவில் டாக்டரின் கோபம் இன்னும் ஆறவில்லை. "ஆள்மாறாட்டம்னு எழுதத்தான் போறேன். உங்க வேலை போகும்."

"எழுதுங்க."

"இப்போதைக்கு உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லய்யா! உங்க கையையே நீட்டியிருந்தா, மத்தியான வண்டியை நீங்கதான் எடுத்திருப்பீங்க."

மலை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்திருப்பேன் டாக்டரம்மா. இவனைத்தான் கூரையிலேர்ந்து பொணமா எடுத்துப் போட்டிருப்பாங்க."

டாக்டர் மலையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.