கொக்கி இல்லாத அட்டிகை

பெட்டியிலிருந்து எடுத்தபோதே அட்டிகை வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் யாரோ கழுத்திலிருந்து கழற்றி வைத்ததுபோல. அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. முதல் மனைவியைப் பறிகொடுத்துத் தனியாகக் கிடந்தவன், இவளைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் கழித்து ஆசை ஆசையாக நீட்டுகிற பரிசு. அதில் போய் நொட்டை சொல்வாளா?

"அந்தக் காலத்து நகை. உனக்காகவே தேடிப் பிடிச்சேன். திரும்பு, நானே போட்டுவிடறேன்."

பிடரியில் அவன் விரல் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பதை நெருங்கும் வரை அவளை யாரும் இப்படித் திரும்பச் சொன்னதில்லை.

மறுநாள், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், வந்தவர் ஒருவரின் காதுக்குப் பின்னால் சட்டத்தைப் பொருத்திக்கொண்டே எச்சில் விழுங்கியபோது தொண்டை அட்டிகையில் இடித்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கற்களின் ஓரங்கள் தோலில் பதியத் தொடங்கின. கழற்றிவிடலாமென்று பின்னங்கழுத்தைத் துழாவினாள். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்துத் தெருவில் நகை பழுதுபார்க்கும் பத்தரிடம் ஓடினாள்.

பத்தர் பூதக்கண்ணாடியோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொக்கியே இல்லையேம்மா. ஒட்டின தடம்கூட இல்ல. இதை எப்படிப் போட்டீங்க?"

"வீட்டுக்காரர் போட்டுவிட்டார்."

சின்ன அரத்தை எடுத்து அட்டிகைமேல் வைத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு கையால் அட்டிகையையும் இன்னொரு கையால் அவள் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தார்.

"இது துடிக்குதும்மா. ஆனா உங்க நாடி இல்ல."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடினாள். வாசலில் கணவனின் செருப்பு கிடந்தது. அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரம். உள்ளே திரைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. காய்ச்சிய தைலத்தின் வாடையும், ஈரத்துணியின் புழுக்கமும், படுக்கையறைப் பக்கமிருந்து, ஊதுகுழல் ஓட்டையில் காற்று நுழைவதுபோல மெலிசாக இழுபடும் ஒரு மூச்சும்.

"இப்ப மூச்சு விட முடியுதா? மெதுவா. அவசரமில்ல."

நேற்று அவள் பிடரியில் பேசிய அதே குரல்.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ஒருத்தி, தலையைச் சுற்றித் தலையணைகள் முட்டுக்கொடுத்திருக்க. அவன் பர்ஸில் இருந்த படத்து முகம். செத்துப்போன முதல் மனைவி. அவள் கழுத்து மணிக்கட்டு அளவுதான் இருந்தது. அவன் அதில் தைலம் தடவிக்கொண்டிருந்தான்.

"இவங்க இல்லன்னு சொன்னீங்களே?"

அவன் பதறவில்லை. "சொல்லியிருந்தா நீ போட்டுக்கிட்டிருப்பியா? இத்தனை நாள் வேற இடத்துல வெச்சுப் பாத்துக்கிட்டேன், இன்னிக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"கழற்றுங்க."

"என்னால முடியாதும்மா. உண்மையான ஆசையோட இன்னொருத்திக்குப் போட்டுவிட்டாத்தான் அது இவ கழுத்தை விட்டுக் கைமாறும். உன்மேல அந்த ஆசை வரத்தான் இத்தனை நாள் ஆச்சு."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் தாங்கவில்லை.

அட்டிகை இறுகியது.

கட்டிலில் இருந்தவள் இருமினாள். அவள் கழுத்து ஒரு சுற்றுப் பருத்தது.

மறுபடி இறுகியது. மறுபடி பருத்தது.

இவள் கத்தினாள். சத்தம் இல்லை.

"பயப்படாதே," என்றான். "உனக்கும் யாரையாவது பார்த்துடலாம்."

கட்டிலில் இருந்தவள் தலையணைகளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

இவள் தலை பாரம் தாங்காமல் ஒருபக்கமாகச் சரிந்தது. அவன் ஓடிவந்து, அத்தனை பரிவோடு, இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டான்.