பதினாறாவது டப்பா

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃப்ரீசருக்குள் காலியாக வைத்த டப்பா, திங்கட்கிழமை விடிகாலையில் கனத்தது.

காலி டப்பாவை யாராவது ஃப்ரீசரில் வைப்பார்களா என்று கேட்டால், சந்திரிகா வைத்தாள். கோபத்தில் வைத்தாள். அந்தக் கோபம் ஒரு நாளில் வந்ததல்ல.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில், ஞாயிறு என்றால் அடுப்பு அணையாத நாள். கணவன் ஷ்யாம்சுந்தருக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ். மகள் மிருதுளா பதினொன்றாம் வகுப்பு. பள்ளி முடிந்தால் டியூஷன். மாமனார் ராஜகோபாலனுக்குச் சர்க்கரை. சாப்பாடு ஒரு மணியைத் தாண்டினால் கை நடுங்கும். சந்திரிகாவுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. தாம்பரத்தில் எட்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆகையால் மூன்று வருடமாக வாரத்துக்கான மதியச் சாப்பாட்டை ஞாயிறன்றே சமைத்து, ஆறவைத்து, உறையவைத்துவிடுவாள். மைதா கிடையாது, பொரித்தது கிடையாது. குதிரைவாலி சாம்பார் சாதம், கொள்ளு மசியல், முருங்கைக்கீரை போட்ட பருப்பு. மூன்று பேர், ஐந்து நாள், நீல மூடி போட்ட பதினைந்து டப்பா.

ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் மூன்று வரி எழுதுவாள். முதல் வரி, உள்ளே என்ன இருக்கிறது. இரண்டாவது வரி, யாருக்கு. மூன்றாவது, எந்தக் கிழமை. கடைசியில் ஒரு புள்ளி வைத்து, அதன் கீழே சின்னதாக ஒரு கோடு இழுப்பாள். உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து விடாத பழக்கம். எழுதி ஒட்டிய பிறகுதான் டப்பாவை நிரப்புவாள்.

பதினைந்தில் அவளுக்கு ஒன்றும் கிடையாது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து எடுத்துக்கொண்டு போவாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் அவளுக்கு ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்றார்கள். "மத்தவங்களுக்கு ஆக்கிப் போட்டா பத்தாது மேடம், நீங்களும் சாப்பிடணும்" என்று அந்தச் சின்ன வயது டாக்டர் திட்டினாள். அதனால்தான் இந்த ஞாயிறு தனக்கென்று ஒரு டப்பா வைக்க முடிவு செய்தாள். நீல மூடி மிச்சமில்லை. பரணில் கிடந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி எடுத்தாள். டேப்பை ஒட்டி, ஆசையாக, முதலில் தன் பெயரை எழுதினாள்.

எழுதிய பிறகுதான் பார்த்தாள். பெயர் முதல் வரியில் விழுந்திருந்தது, பண்டத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில். மூன்று வருடத்தில் நடக்காத தவறு. சரி, நிரப்பும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நிரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. ஷ்யாம்சுந்தரின் நண்பர் ராகவேந்திரா பொழிச்சலூரிலிருந்து வந்தவர், "வாசனை தூக்குதே" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தபோது குக்கரில் அடிப்பிடித்த கறுப்புதான் இருந்தது.

"எனக்குன்னு ஒரு கரண்டி வெக்கத் தோணுச்சா யாருக்காவது?" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "பேசாம என்னையே வெட்டி டப்பாவுல போட்டு வெச்சுடறேன். எடுத்து எடுத்துத் தின்னுங்க!"

ஷ்யாம்சுந்தர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பாவுக்கு மட்டும் உப்பு கம்மியாப் போட்டுடு" என்றான். மிருதுளா களுக்கென்று சிரித்தாள்.

காலி டப்பாவை மூடி ஃப்ரீசருக்குள் எறிந்தாள். கதவு அறைந்த சத்தத்தில் மேலே வைத்திருந்த முருகர் காலண்டர் ஆடியது.

அந்த டப்பாதான் இப்போது கனத்தது. மூடியின் உட்பக்கம் முழுக்கப் பனி. உள்ளே இருப்பது தெரியவில்லை. குலுக்கினால் சத்தமில்லை. டேப்பில் முதல் வரி அப்படியே இருந்தது: சந்திரிகா. காலியாக விட்ட இரண்டாவது வரியில் 'ராஜகோபாலன்' என்றும், மூன்றாவதில் 'திங்கள்' என்றும் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. கடைசியில் புள்ளி. புள்ளியின் கீழே கோடு.

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து எதையாவது போட்டு வைத்தோமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கியது, மோட்டார் போட மறந்தது நினைவுக்கு வந்தது, மிருதுளா சாக்ஸைக் காணோம் என்று அலறினாள். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியவளை மாமனார் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவள் கல்யாணமாகி வந்து பதினெட்டு வருடத்தில் அவர் சமையலைப் பற்றிச் சொன்னதெல்லாம் உப்பு, காரம், புளிப்பு என்ற குறைகள்தான்.

"அந்த வெள்ளை டப்பாவுல வெச்சிருந்தியேம்மா. இந்த வயசுல இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்ல."

"அது என்னவா இருந்துச்சு மாமா?"

அவர் யோசித்தார். நாக்கால் கடைவாயைத் துழாவினார். "சொல்லத் தெரியல. நம்ம வீட்டு வாசனை."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு டப்பாவைத் தேய்த்துக் கழுவி மேடையில் கவிழ்த்தாள். அப்போது மிருதுளா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா! பால் தீயுது, பக்கத்துலயே நிக்கறே!"

பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. சந்திரிகா குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தாள். மகளின் தலையை இழுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஜலதோஷமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மேடையில் கவிழ்த்த டப்பா மேடையில் இல்லை. ஃப்ரீசரின் மேல் தட்டில், நீல மூடிகளுக்கு முன்னால், நிறைந்து உட்கார்ந்திருந்தது. சந்திரிகா. ஷ்யாம்சுந்தர். செவ்வாய். புள்ளி, கோடு.

"யார் இந்த விளையாட்டு விளையாடறது?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே சந்திரி. எனக்குப் பஸ் வந்துடும்" என்ற ஷ்யாம்சுந்தர், தன் பெயரைப் பார்த்து அந்த டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். தடுத்திருக்கலாம். மூடியைத் திறந்தாவது பார்த்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் இவனும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வானோ என்று ஒரு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சொன்னான். டப்பாவை அவனே கழுவிக்கொண்டும் வந்திருந்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக. "யாருக்கும் ஒரு வாய் குடுக்கல. வழிச்சு நக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன்." பேசும்போது அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எங்கேயோ நின்றது.

தோசைக்கல்லை இறக்கினாள். இறக்கி வைத்த பிறகுதான் கையில் துணி இல்லை என்பது தெரிந்தது. உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. வலியில்லை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுவது தெரிந்தது; விழுந்த ஈரம் தெரியவில்லை. கையைக் கன்னத்தில் வைத்தாள். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த எதையோ கன்னத்தில் வைத்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் முதல் வரியை நினைத்தாள்.

முதல் வரி, உள்ளே என்ன இருக்கிறது.

மூன்றாவது ஆளின் பெயர் அவளுக்குத் தெரியும்.

டப்பாவைப் பால்கனி மூலையில் வைத்து, மேலே மாவாட்டும் கல்லைத் தூக்கி வைத்தாள். புதன்கிழமை காலை கல் மட்டும் இருந்தது. ஃப்ரீசரைத் திறந்தாள். சந்திரிகா. மிருதுளா. புதன். எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். குப்பை வண்டி தெருமுனையில் நின்றிருந்தது.

"ஜெயக்கொடி அக்கா, இதை இப்பவே போடுங்க. உள்ள தள்ளுங்க."

ஜெயக்கொடி கையுறைக் கையால் வாங்கியவள் முகத்தைச் சுளித்தாள். "இன்னாக்கா இது, வெதுவெதுன்னு கீது?"

"ஃப்ரீசர்லேந்து எடுத்தது."

"மெய்யாலுமா? இல்லக்கா, தொட்டுப் பாரு. கோழிக்குஞ்ச கைல வெச்சா மாதிரி துடிச்சிக்கினு கீது." சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே வீசினாள். வண்டியின் இரும்புத் தட்டு குப்பையோடு அதை நசுக்கிக்கொண்டு உள்ளே போனது. சந்திரிகாவின் விலா எலும்பு இறுகியது. அப்புறம் தளர்ந்தது.

வண்டி போகும்வரை பார்த்தாள். மேலே வந்து ஃப்ரீசரை மூன்று முறை திறந்து பார்த்தாள். அதுவரை சாப்பிட்டது போகப் பதினொரு நீல மூடிகள். பதினொன்றே பதினொன்று. "இன்னைக்கு எக்ஸாம் முடிஞ்சு பன்னெண்டரைக்கே வந்துடுவேன்மா" என்றாள் மிருதுளா. "நீல டப்பா, கொள்ளு மசியல். வேற எதையும் தொடாதே." "சரிம்மா, சரிம்மா, சரிம்மா."

பன்னிரண்டு ஐம்பதுக்கு, விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே போன் அடித்தது.

"அம்மா, கொள்ளு வேணாம். ஐஸ்கிரீம் டப்பால என் பேர் போட்டு வெச்சிருக்கியே, அதை மைக்ரோவேவ்ல வெச்சுட்டேன்."

"திறக்காதே. மிரு, அதைத் திறக்காதேடி!"

"ஏன், அப்பா மட்டும் சாப்பிடலாமா? தாத்தா மட்டும்? எப்பப் பாரு எனக்குத்தான்..." பின்னால் மைக்ரோவேவ் மணி அடித்தது. "ஹலோ? அம்மா? பேசறது கேக்கல. ஹலோ?"

சந்திரிகா கத்திக்கொண்டுதான் இருந்தாள். எதிர் நாற்காலியில் இருந்த ஜெபசீலன் சார் நிமிரவே இல்லை.

ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயில் ஊர்ந்தது. கூடுவாஞ்சேரி. ஊரப்பாக்கம். வண்டலூரில் பாதங்கள் தரையில் இருப்பது நின்றுபோனது. பெருங்களத்தூரில் முழங்கால். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம். தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறி, பின் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஓரமா ஒரு சீட் காலி! ராஜகீழ்ப்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், வாங்க!"

ஒரு தடித்த அம்மாள் ஏறி, அவள்மேல் உட்கார்ந்தாள். கனமே இல்லை. அந்த அம்மாள் மட்டும், "சீட்டு இன்னா இப்படிச் சில்லுன்னு கீது" என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீடு. மாடிப்படி. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. தட்டினாளா? தெரியவில்லை. எப்படி உள்ளே வந்தாள்? தெரியவில்லை. கூடத்தில் மாமனார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் மிருதுளா, பள்ளிச் சீருடையோடு, இன்னமும் டப்பாவின் மேல் குனிந்திருந்தாள். கரண்டி அடியைச் சுரண்டியது. க்ரீச். க்ரீச்.

மிரு.

குழந்தை நிமிரவில்லை. கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பிறந்த மூன்றாம் நாள் பால் குடித்துவிட்டு இப்படித்தான் இருந்தாள். கடைசி வாயை விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது.

இருட்டு.

குளிர். முன்னால் வழவழவென்று ஒரு சுவர். பின்னாலும். பக்கத்திலும். தலைக்கு மேலே ஏதோ இறுக்கமாக, பனி பூத்து மூடியிருந்தது. கையைத் தூக்க நினைத்தாள். தூக்குவதற்கு எதுவும் இல்லை. எங்கேயோ கீழே மோட்டார் ஒன்று உறுமி ஓய்ந்தது. மூன்று வருடமாக வெளியிலிருந்து கேட்ட சத்தம்.

வெளியே, தூரத்தில், மகளின் குரல்.

"தாத்தா, இது பத்தவே இல்ல. இன்னொன்னு இருக்குமா?"

"பாரு கண்ணு. அம்மா வெக்காம இருப்பாளா?"

செருப்புச் சத்தம் நெருங்கியது. ரப்பர் பட்டை பிரியும் சத்தம். வெளிச்சம், வெள்ளையாக, எல்லாப் பக்கமும். பனிக்கு அந்தப் புறம் மிருதுளாவின் முகம், சுவர் அகலத்துக்கு. உதட்டோரம் ஏதோ ஒட்டியிருந்தது. அவள் விரல் நீல மூடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தது. உதடு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தது. கொள்ளு, தாத்தா. கீரை, அப்பா.

விரல் நின்றது.

"ஹை, இருக்கு தாத்தா!" என்றாள் மிருதுளா. அவள் வாயில் எச்சில் ஊறுவது, மிக அருகில், கேட்டது.